குளிர் அறையிலிருந்து வந்த கூப்பாடு

டீ நன்றாக இருக்கிறது, சார். எங்கள் ரிசார்ட்டில் இந்தப் பதம் வராது.

ஈசிஆரில் கோவளத்துக்குத் தெற்கே இருக்கும் அந்த ரிசார்ட்டில் நெட்வொர்க் முழுக்க என் கைவேலை. கிச்சனுக்கு ஒரு வீலான், செக்யூரிட்டிக்கு ஒன்று என்று பிரித்தவனும் நான்தான். வீலான் என்றால் ஒரே சுவிட்சுக்குள் எழுப்பிய மதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக எல்லாரையும் கூப்பிடும் பிராட்காஸ்ட், மதிலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும்.

மீன் வைக்கும் குளிர் அறையில் யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்த ஒரு பட்டன் வைத்தார்கள். அழுத்தினால் அது நெட்வொர்க்கில் பிராட்காஸ்டாகத்தான் கத்தும். செக்யூரிட்டி அறைக்குக் கேட்கவில்லை. நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஜோயல், அந்த ஒன்றை மட்டும் மதில் தாண்டி அனுப்பச் சொல்லி சுவிட்சில் ஒரே வரி எழுதினான். மணி அடித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் ஜெனிட்டா என்னிடம் ஓடி வந்தாள்.

“அண்ணாத்த, ஜோயலு இன்னாமா செஞ்சிகீறான் பாத்தியா? இனிமே உள்ள போவ பயமே இல்ல.”

வருஷக்கணக்கில் அவளுக்கு நாஸ்தா வாங்கிக் கொடுத்தவன் நான். எனக்கு அண்ணாத்த என்ற பேர், அவனுக்கு அவள் டிபன் பாக்ஸில் பங்கு. வயிறு எரிந்தது, சார்.

சுவிட்சிலிருந்து அந்த வரியை எடுத்தேன். எதையும் உடைக்கவில்லை. அடுத்த சோதனையில் மணி அடிக்காமல் ஜோயல் எல்லார் முன்னாலும் திருதிருவென விழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சோதனைக்கு முன்பே ஒரு மத்தியானம் ஜெனிட்டா வஞ்சிரம் பார்க்க உள்ளே போனாள். கதவு அவள் பின்னால் இறுகிக்கொண்டது. கிச்சனில் என்னைத் தவிர ஆளில்லை. என் லேப்டாப் கிச்சன் சுவிட்சில் செருகியிருந்தது, அதே வீலான். அவள் பட்டனை அழுத்திய ஒவ்வொரு தடவையும் அந்தக் கூப்பாடு என் திரையில் ஒரு வரியாக விழுந்தது. செக்யூரிட்டியில் நிம்மதியாகக் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து நாலு எட்டு வைத்தால் கதவு. திறந்திருந்தால் ஜோயலின் பட்டன் காப்பாற்றியது என்றுதான் சொல்லியிருப்பாள். உட்கார்ந்தே இருந்தேன். வரிகள் முதலில் அடுத்தடுத்து வந்தன. அப்புறம் விட்டு விட்டு வந்தன. அப்புறம் வரவில்லை.

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஜோயல் அழுகிறான், தன்னால்தான் அவள் செத்தாள் என்று. அதைக் கேட்ட பிறகுதான் நானாக உள்ளே வந்தேன். அவனுக்கு அந்தக் கூப்பாடு போகவே இல்லை, சார். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் என்னை மட்டும் கூப்பிட்டாள்.