சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில்

வண்டிக்குச் சக்கரம் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்றுதான், மச்சான். கண்ணை நம்பி வாங்கிவிடுவார்கள். பளபளப்பைப் பார்ப்பார்கள், டிசைனைப் பார்ப்பார்கள், அளவைப் பார்க்க மாட்டார்கள். மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் டயர் மட்கார்டில் உரசி, தெருவே திரும்பிப் பார்க்கும். நான் அப்படி இல்லை. அதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாக விளங்கும்.

உட்காருங்கள். ரயிலிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறீர்கள், பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. இந்தக் கேன்டீன் டீ சுமார்தான், ஆனால் சூடாக இருக்கும். உங்கள் அம்மா வாசலிலேயே உங்களைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டியிருப்பார். அத்தை சொன்னதில் பொய் எதுவும் இருக்காது. வரிசைதான் கொஞ்சம் மாறியிருக்கும். கோபத்தில் இருப்பவர்கள் கடைசியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுவார்கள். நான் ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

கல்யாணமான புதிதில் வண்டியைத் தாழ்த்தினேன். ஸ்பிரிங்கை மாற்றி, தரையோடு தரையாக உட்கார வைத்தேன். நீங்கள்கூடப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, நாலு டயரும் பஞ்சரா?" என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். உள்ளுக்குள் வலித்தது. வண்டி தாழ்ந்ததும் பழைய சக்கரங்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்ட மாப்பிள்ளை மாதிரி உள்ளே ஒடுங்கிக்கொண்டு நின்றன. சக்கரம் மட்கார்டின் விளிம்போடு விளிம்பாக நிற்க வேண்டும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல் போக வேண்டும். இரண்டு விரல் போனால் அது சரக்கு வண்டி.

அலாய் வீல் கடைக்கு உங்கள் தங்கையையும் கூட்டிப்போனேன். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். கடைக்காரர் நாற்காலி போட்டு, ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டார். நல்ல மனிதர். இரண்டு செட் எடுத்து வைத்தார். ஒன்று அகலம் குறைந்தது, உள்ளே அடங்கி நிற்கும், எத்தனை பேர் ஏறினாலும் உரசாது. இன்னொன்று அகலமானது, வெளியே தள்ளி நிற்கும். காலி வண்டியில் விரலை விட்டுப் பார்த்தால் அம்சமாகப் போகும். பின்சீட்டில் கனம் ஏறினால் வண்டி இறங்கும், டயர் மட்கார்டைத் தொடும்.

"சார், இது குடும்பமாப் போற வண்டியா, தனியாப் போற வண்டியா?" என்று கேட்டார்.

"தனியா" என்றேன்.

உங்கள் தங்கை தலையைத் தூக்கினாள். "அப்ப நான் யாருங்க? வாடகை சவாரியா?"

"நீ ஒல்லிம்மா. உன்னை எல்லாம் கணக்குல சேர்க்க வேண்டியதில்ல."

கடைக்காரர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அன்றைக்கு நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

பிறகு வயிறு முன்னால் வந்தது. பெல்ட் அழுத்துகிறது என்று அவள் பின்சீட்டுக்கு மாறினாள். துணைக்கு அத்தையும் வந்து சேர்ந்தார். அத்தையின் உடம்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, பெரியவர். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் இறங்கி, நடந்து தாண்டி, அந்தப் பக்கம் ஏறிக்கொள்வார். "ஏன் மாப்பிள்ளை, இது என்னைச் சுமக்குதா, நான் இதுக்குத் துணைக்கு நடக்குறேனா?" என்று ஒரு தடவை கேட்டார். அத்தைக்கு எப்போதுமே தமாஷ் ஜாஸ்தி.

அத்தை இறங்கிய பிறகும் உரசியதுதான் பிரச்சினை. செக்கப்புக்குப் போகிற வழியில், ஒரு வளைவில், பின்பக்கம் சர்ரென்று சத்தம். இதற்கு ஒரு வழி உண்டு. மட்கார்டின் உள்விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு ஓட்ட வேண்டும். உரசினால் டயரில் வெள்ளைக் கோடு விழும். தேய்த்து ஓட்டினேன். விழுந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "ஸ்பிரிங்கைக் கொஞ்சம் ஏத்திடலாம் சார், சின்ன வேலை. குழந்தை பொறந்தப்புறம் மறுபடி இறக்கிக்கலாம்" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். ஏற்றினால் இரண்டு விரல் இடைவெளி தெரியும். என் நண்பர்கள் கண்ணில்தான் அது முதலில் படும். நிதானமாக யோசித்தேன். உரசாமல் இருக்க ஒன்று வண்டியின் உயரத்தை மாற்ற வேண்டும், இல்லையென்றால் கனத்தை மாற்ற வேண்டும். உயரத்தை மாற்ற மனம் வரவில்லை.

அடுத்த செக்கப்பில் நான் முதலில் கேட்டதே அவள் எடையைத்தான். அதற்கடுத்த தடவையும் அப்படியே. "இவ்வளவு அக்கறையா எடை கேக்குற புருஷனை நான் பார்த்ததே இல்ல" என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னார். உங்கள் தங்கை பெருமையாக அத்தையைப் பார்த்தாள். எடை சரியாக ஏறுகிறது, இப்படியே போனால் போதும் என்றார் டாக்டர். இப்படியே போனால் தாங்காது என்பது எனக்குத்தான் தெரியும்.

வெளியே மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது அவளிடம் சொன்னேன். "டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. ராத்திரிச் சாப்பாட்டைக் குறைக்கணுமாம். எடை எகிறுதாம்."

"பசிக்குதேங்க."

"அது பொய்ப்பசியாம். டாக்டரே சொன்னாங்க."

டாக்டர் சொல்லவில்லை. நான் சொன்னது. அத்தை உங்களிடம் முதலில் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் தங்கை தங்கமான பெண், மச்சான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஒரு டம்ளர் பால், பாதிப் பழம், அதோடு எழுந்துவிடுவாள். அப்புறம் சமையலறையில் டப்பா திறக்கிற சத்தம் கேட்டால் நான் லேசாக இருமுவேன். அவ்வளவுதான். திட்டியதே கிடையாது. அத்தை ஒளித்துக் கொடுத்த பிஸ்கட்டைக்கூட, "வேணாம்மா, டாக்டர் திட்டுவாங்க" என்று அவளே திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று, "முகம் வத்திப்போச்சு, இல்ல?" என்று கேட்டாள். முன்னைவிட அழகாக இருக்கிறாய் என்றேன். மனதாரச் சொன்னேன். அந்த வாரம் டயரில் வெள்ளைக் கோடு விழவில்லை.

டாக்டர் சொன்ன தேதிக்கு முன்பே, ஒரு மத்தியானம் வலி கண்டது. டாக்ஸி கூப்பிடலாம் என்றார் அத்தை. வாசலில் சொந்த வண்டி நிற்கும்போது எதற்கு டாக்ஸி? அவளைப் பின்சீட்டில் சாய்த்து உட்கார வைத்தோம். அத்தையை முன்னால் ஏற்றினேன். ஆஸ்பத்திரிக்கென்று கட்டி வைத்திருந்த பையை மட்டும் இறக்கி வீட்டிலேயே வைத்துவிட்டேன். குழந்தைத் துணியெல்லாம் அதில்தான் இருந்தது என்கிறார் அத்தை. இருக்கலாம். கிளம்புவதற்கு முன் மட்கார்டில் சாக்பீஸ் தேய்த்ததும் உண்மை. அதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வழியெல்லாம் அவள் அழுதாள். "கொஞ்சம் மெதுவா அழும்மா, டயர் சத்தம் கேக்கல" என்று நான் சொன்னதை அத்தை என் குரலிலேயே செய்து காட்டியிருப்பார். நன்றாகச் செய்வார்.

ஆனால் இதை அவர் சொல்லியிருக்க மாட்டார். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் நான் குனிந்து பார்த்தேன். டயரில் வெள்ளை துளிகூட இல்லை.

பெண் குழந்தை. எடை குறைவு. வார்டுக்கு வந்த டாக்டர், "கடைசி வாரங்கள்ல ஏம்மா சரியாச் சாப்பிடல?" என்று உங்கள் தங்கையைக் கேட்டார். "நீங்கதானே டாக்டர் குறைக்கச் சொன்னீங்க" என்றாள் அவள். டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். அத்தை எல்லாரையும் பார்த்தார். நான் ஜன்னல் வழியாகக் கீழே வண்டியைப் பார்த்தேன்.

அதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. குழந்தை இருக்கிற கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்களோடு வந்துவிடப் போவதாக அத்தையிடம் சொன்னாளாம். நீங்கள்தான் நாலு வார்த்தை பேசி அவள் மனதை மாற்ற வேண்டும். அதற்காகத்தான் எதையும் மறைக்காமல் சொன்னேன். என் குடும்பத்தை நான் எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறேன் என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

குழந்தைக்கு ஆபத்து ஒன்றும் இல்லையாம். காலையிலிருந்து நன்றாகப் பால் குடிக்கிறாள், சரியான சாப்பாட்டுராமி என்று நர்ஸ் சிரித்தார். நாளைக்கே வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன், வண்டி தயாராக நிற்கிறது என்றேன். கேட்க மாட்டேன் என்கிறார்கள். கொஞ்சம் எடை ஏறட்டும், அப்புறம் கூட்டிப்போங்கள் என்கிறார்கள்.

நீங்களாவது அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள், மச்சான். எடை ஏறிய பிறகு எப்படிக் கூட்டிப்போவது?