கால்சட்டைப் பையில் இருந்த பொட்டலம்

என் பெயரும் விலாசமும் முதல் தாளில் எழுதியபடி. வயது நாற்பத்தொன்று. கணவர் இல்லை. காவலர் குடியிருப்புக்கு எதிர்ச்சந்தில் சலவைக் கடை நடத்தி, அதன் பின்னறையில் என் தம்பியோடு வசிக்கிறேன். போதைப்பொருள் வைத்திருந்ததாக எங்கள் மேல் போட்ட இந்த வழக்கில் நான் முதல் எதிரி, அவன் இரண்டாம் எதிரி. காவலர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திய பிறகு, நான் எதையும் சொல்லக் கட்டாயமில்லை என்றும், சொன்னால் அது எனக்கு எதிராகவும் திரும்பலாம் என்றும் நீதித்துறை நடுவர் அவர்கள் விளக்கினார். விளங்கியது. என் தம்பி இந்த நிமிடம் காவல் நிலையத்தின் பின்னறையில் கிடக்கிறான். அதனால் சொல்கிறேன்.

துணியை ஊறப்போடும் முன் பைகளைத் துழாவுவது எங்கள் கடைப் பழக்கம். சாவி, சீப்பு, மாத்திரை, எவளோ எழுதிய கடிதம், எது கிடைத்தாலும் துண்டுத் துணியில் தைத்த சிறு பையில் போட்டு, அந்த வாடிக்கையாளரின் குறியை மையால் போட்டு, தேய்த்த உடுப்பின் மேலேயே கண்ணில் படும்படி ஊக்கால் குத்திக் கொடுத்துவிடுவோம். மறைத்துக் கொடுத்தால் நாளைக்குக் குறைகிறது என்று பழி நம் தலையில்தான் விழும். அப்படித்தான் உதவி ஆய்வாளர் வெளுக்கப் போட்ட கால்சட்டையில் முடிச்சுப் போட்ட சிறு பிளாஸ்டிக் பொட்டலம் கிடைத்தது. உள்ளே வெள்ளைத் தூள். சோப்புத் தூளிலும் கஞ்சிப் பொடியிலும் நாள் முழுக்கப் புரளுகிற எனக்கு வெள்ளைத் தூளைப் பார்த்தால் என்ன சந்தேகம் வரும்? மனிதர் எப்போதும் நெஞ்செரிச்சல் என்று புலம்புவார், அதற்கான மருந்து என்று நினைத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை.

அதன் பிறகு சென்ற திங்கட்கிழமை காலை நானும் தம்பியும் உடுப்பு மூட்டைகளோடு காவல் நிலையம் போனோம். அவன் நல்ல உயரம், ஒல்லி. அதனால் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவோம். அன்று முன்மேசையில் உதவி ஆய்வாளருக்கு மேலதிகாரியான ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். கால்சட்டையில் தொங்கிய பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது யாருடையது என்று கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காதே. "நம்ம எஸ்.ஐ. சாரோடதுதாங்க. மருந்தை எங்ககிட்ட அனுப்பிட்டு இவர் நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்திருப்பார்" என்றேன். சிரித்தது நானும் தம்பியும் மட்டுந்தான்.

அதன் பிறகு ஆய்வாளரும் உதவி ஆய்வாளரும் உள்ளறைக்குள் போய்ப் பேசினார்கள். ஆய்வாளர் வெளியே வந்து எங்கள் பக்கம் திரும்பாமல் வண்டியேறிப் போய்விட்டார். உடனே உதவி ஆய்வாளர் வாசல் கதவைத் தாழிட்டு, தம்பியின் முழங்காலில் தடியால் அடித்தார். விழுந்தவனின் அதே முழங்காலில் திரும்பத் திரும்ப அடித்தார். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவனை அங்கேயே போட்டுவிட்டு, என்னை மட்டும் கடைக்கு இழுத்துப் போனார்கள். பெண் போலீஸ் வராமல் என்னைத் தொடக் கூடாது என்றேன். அதற்குக் கன்னத்தில் விழுந்த அறையில் முன்பல் இரண்டு போயின. ஆண் காவலர்தான் சோதித்தார். பெரிய பை ஒன்று அவர்கள் வண்டியிலிருந்து இறங்கி என் தேய்ப்பு மேசைக்கடியில் போனதைக் கண்ணால் பார்த்தேன். என் எதிரில் எதையும் எடை போடவில்லை, முத்திரை வைக்கவில்லை. பக்கத்து டீக்கடைக்காரரைச் சாட்சி என்று கூட்டி வந்தார்கள். "அண்ணே, பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றேன். அவர் பார்க்காமலே போட்டார். அவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு.

அதன் பிறகு என் தேய்ப்புப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குத் திரும்பினார்கள். எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. பின்னறையில் தம்பியைக் குப்புறக் கிடத்தி, ஒருவர் கழுத்திலும் ஒருவர் காலிலும் உட்கார்ந்தார்கள். உதவி ஆய்வாளர் பெட்டியின் வயரைச் சொருகிவிட்டு, "பருத்திக்கு எவ்வளவு சூடு வெப்பீங்க?" என்று என்னைக் கேட்டார். அவராகவே முழுச் சூட்டுக்குத் திருப்பி, அவன் முதுகில் வைத்து அழுத்தினார். "அக்கா, சொல்லாத, எதுவும் சொல்லாத" என்று கத்தினான். இரண்டாம் தடவை வைத்தபோது வார்த்தை வரவில்லை, சத்தம் மட்டும் வந்தது. தோல் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போட்டால் இவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன் என்றார். எழுதாத தாள்களில் கேட்ட இடத்திலெல்லாம் போட்டேன். கொலை செய்ததாகச் சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன். ஆனால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. இன்று காலை என்னை வண்டியில் ஏற்றும்போதும் அவன் அதே தரையில்தான் கிடந்தான். மூச்சு இருந்தது.

வரும் வழியில் உதவி ஆய்வாளர், "கோர்ட்ல வாயத் தொறந்தே, உன் தம்பியை மூட்டையாத்தான் பாப்பே" என்றார். நீதிமன்ற நடையில் இலவச வக்கீல் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ஸ்டேஷன்ல வாங்கின கையெழுத்து கோர்ட்ல செல்லாதும்மா. காயத்தைக் காட்டி டாக்டர்கிட்ட அனுப்பச் சொல்லிக் கேளுங்க. பேசறதா வேண்டாமாங்கிறது உங்க முடிவு" என்றார். நான் பேசாமல் இருப்பது என்றுதான் முடிவு செய்தேன். செய்யாத குற்றத்துக்கு ஜெயிலில் கிடக்கலாம், அவன் பிழைத்தால் போதும் என்று நினைத்தேன்.

அதன் பிறகு நடுவர் அவர்கள் போலீஸ் கொடுத்த அறிக்கையை வாசித்தார். அதில் இரண்டாம் எதிரி தப்பி ஓடித் தலைமறைவாகிவிட்டதாக எழுதியிருக்கிறது. ஐயா, முழங்கால் நொறுங்கிக் கிடப்பவன் எங்கே ஓடுவான்? உயிரோடு திருப்பித் தர நினைத்திருந்தால் ஓடிவிட்டான் என்று எழுதுவார்களா? நான் வாயை மூடியிருந்தாலும் அவனைக் கொல்லத்தான் போகிறார்கள் என்று அப்போது தெரிந்தது.

என் காயங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சொன்னதை முழுக்க வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது என் உரிமை என்று நடுவர் அவர்கள் சொல்கிறார். வேண்டாம். வாசிக்கும் நேரத்தில் அந்தப் பின்னறைக்கு ஆள் அனுப்புங்கள், டாக்டரோடு அனுப்புங்கள். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. யாரும் சொல்லிக் கொடுத்து நான் சொல்லவில்லை. வாசித்துக் கேட்காமலே, என் மனம் ஒப்பிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
முதல் எதிரி