மஞ்சள் டேப் இருந்த இடம்

வெந்நீர்ப் பையில் தண்ணீரை முழுக்க நிரப்பக் கூடாது, மேடம். முக்கால் பங்குதான். மூடுவதற்கு முன் காற்றை அழுத்தி வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் முட்டியின் மேல் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். எத்தனை புருஷன்மார்களுக்கு இது தெரியும்? எனக்குத் தெரியும். மற்றதைக் கேட்பதற்கு முன் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்ப நல ஆலோசகர் என்று உங்கள் கதவில் போட்டிருக்கிறது. குடும்ப நலம்தான் எனக்கும் முக்கியம். அதனால் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி சைக்கிள் பந்தயக்காரி. கல்யாணமான நாளிலிருந்து விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். வெயில் ஏறியபின் வருவாள், குளிப்பாள், சாப்பிடுவாள், தூங்குவாள். நடுவில் நான் ஒருவன் இருப்பது ஞாபகம் வந்தால், "பால் வாங்கிட்டீங்களா?" என்பாள். பரிசளிப்பு விழாக்களில் "இவர்தான் அவங்க வீட்டுக்காரர்" என்று அறிமுகப்படுத்தி, கோப்பையை என் கையில் திணித்துவிட்டு அவளோடு படம் எடுத்துக்கொள்ளப் போய்விடுவார்கள். நான் கோபக்காரன் இல்லை. கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அப்புறம் ஒருநாள், ஓரமாக நின்றிருந்த காரின் கதவு பட்டென்று திறந்து அவளைத் தூக்கி எறிந்துவிட்டது. அந்தக் கார் என்னுடையது இல்லை. என் மச்சினி அதையும் கேட்டாள், அதனால் சொல்கிறேன்.

முட்டியில் கொஞ்சம் குறை ஆயுசுக்கும் இருக்கும், ஆனாலும் பழகினால் ரோட்டில் ஓட்டலாம் என்றார் டாக்டர். அதுவரை வீட்டுக்குள்ளேயே பயிற்சி. ஹாலில் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டினோம். எதிரே டிவியில் மலைப்பாதை ஓடும், இவள் நகராமல் மிதித்துக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் துண்டோடு நிற்பேன். அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தேன்.

அந்த நாட்களைப் போல நாங்கள் எப்போதும் இருந்ததில்லை, மேடம். "என்னங்க, தண்ணி." "என்னங்க, கொஞ்சம் பிடிச்சுக்கோங்க." ஒரு நாளைக்கு எத்தனை என்னங்க. குடியிருப்பில் இருந்த பெண்கள் எல்லாம் என்னைத் தங்கமான மனுஷன் என்றார்கள். மேல்வீட்டுக்காரர் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாவம், அவர் வீட்டில் என்னைக் காட்டித்தான் திட்டு விழுமாம்.

ஆனால் முட்டி தேறிக்கொண்டே வந்தது. ஒருநாள் அவளே எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். "அடுத்த மாசம் ரோட்டுக்குப் போயிடலாம்னு தோணுது" என்றாள், என்னமோ எனக்கும் அது நல்ல சேதி மாதிரி.

முதல் தடவை நான் எதுவும் செய்யவில்லை. சைக்கிளில் சிந்திய வியர்வையைத் துடைக்கும்போது போல்ட் தளர்ந்து சீட் தானாகக் கொஞ்சம் இறங்கியது. நான் ஏற்றவில்லை, அவ்வளவுதான். இரண்டு நாளில் முட்டியின் முன்பக்கம் வலி வந்துவிட்டது. சீட் தாழ்ந்தால் முட்டி அதிகமாக மடங்கும், பாரம் எல்லாம் அங்கேதான் விழும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன், "என்னங்க, ஒத்தடம் கொடுக்கிறீங்களா?" என்றாள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அதன்பிறகு அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் ஒரு நகக்கனம் இறக்குவேன். பந்தயக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சீட்டின் சரியான உயரத்தைக் கண்டுபிடித்ததும், அதைத் தாங்கும் கம்பி சைக்கிள் சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் டேப் சுற்றி அடையாளம் வைத்துவிடுவார்கள். அப்புறம் காலை நம்ப மாட்டார்கள், டேப்பைத்தான் நம்புவார்கள். அவளுடையது மஞ்சள் டேப். நான் சீட்டை இறக்கும்போது, கம்பி உள்ளே போகிற அளவுக்கு டேப்பையும் உரித்து மேலே தள்ளி ஒட்டிவிடுவேன். அவள் குனிந்து பார்ப்பாள், டேப் சரியாக இருக்கும். "எல்லாம் என் காலோட கோளாறுதான்" என்பாள். நான் மறுத்துப் பேசியதில்லை. நோயாளியோடு வாதாடக் கூடாது.

வலி குறையாததால் டாக்டர் முட்டியைத் திறந்து பார்த்துவிடலாம் என்றார். சீட்டை ஏற்றியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. யோசித்தேன். ஏற்றினால் வலி சட்டென்று நின்றுவிடும், ஏன் நின்றது என்ற கேள்வி வரும், வீணாக ஒரு மனஸ்தாபம். ஆபரேஷன் என்றால் மாதக்கணக்கில் ஓய்வு. கூட இருப்பவருக்கும் கட்டில் உள்ள அறையாகப் பார்த்துப் பதிவு செய்தேன். ஜன்னலோரம்.

ஒத்தாசைக்கு என்று மச்சினி வந்து இறங்கினாள். அக்காவின் தோளுக்குத்தான் இருப்பாள், வாய் மட்டும் வாசல்வரை கேட்கும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில், சும்மா இருக்க மாட்டாமல் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்குடி."

என் மனைவி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. தங்கையை இறங்கச் சொல்லிவிட்டு சைக்கிளை ஒட்டி நின்றாள். சீட் இடுப்பெலும்புக்கு நேராக வர வேண்டும் என்பார்கள். எவ்வளவோ கீழே இருந்தது. குனிந்து கம்பியைப் பார்த்தாள். டேப் மட்டும் சரியாக இருந்தது.

"சாவி எங்க?" என்றாள்.

போல்ட்டைத் திருகும் அந்தச் சின்னச் சாவி எப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

ஒரு வார்த்தை திட்டவில்லை, மேடம். சீட்டை அவளே ஏற்றினாள். உள்ளிருந்து வெளியே வந்த கம்பியில் டேப் ஒட்டி ஒட்டி எடுத்த பிசின், படிப்படியாக, அவள் விரலில் ஒட்டியது. போல்ட்டை முடுக்கினாள், தங்கையை வண்டி பிடிக்கச் சொன்னாள், சைக்கிளோடு போய்விட்டாள். ஜன்னலோர அறையை நான்தான் ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். ஆனால் கொடுமை என்று நீங்கள் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. கொடுமைக்காரன் ஒத்தடம் கொடுப்பானா?

இப்போது மறுபடி ரோட்டில் ஓட்டுகிறாளாம். அடுத்து உள்ளே வரப்போவது அவள்தானே? ஒரே ஒரு உதவி செய்யுங்கள், மேடம். முட்டி கொஞ்சமாவது வலிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நான் வெளியே பெஞ்சில்தான் இருப்பேன். வெந்நீர்ப் பையைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.