பூஜ்யம் என்று எழுதினால் அணையாது

உள்ளங்கை அளவுள்ள சின்னக் கணினிகளுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. கொஞ்ச நேரம் யாரும் தொடவில்லை என்றால் தாமாகவே திரையை இருட்டாக்கிவிடும். அதைப் பழுது என்று நினைத்து மாதத்துக்கு நாலு பேராவது என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பழுது இல்லை, ஓய்வெடுக்கிறது என்று சொல்லி அனுப்புவேன்.

அண்ணன் வீட்டில் நான் வைத்ததும் அந்த வகைதான். இப்போது உங்கள் மேசைமேல் இருப்பது. அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து கை, கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. கழுத்தைத் திருப்ப முடியாது. இடது கண் மூடித் திறக்கும். வலது இமை மூடாது. புத்தி மட்டும் துளிகூடக் குறையவில்லை என்றார் மருத்துவர்.

அண்ணிதான் கேட்டார். "நாள் முழுக்க சுவத்தையே பாத்துட்டுக் கிடக்கறார் தம்பி. நம்ம போட்டோவெல்லாம் ஓடற மாதிரி ஏதாவது பண்ணிக் குடேன்."

நாற்பது படங்கள் கொடுத்தார். கட்டிலுக்கு நேர் எதிரே திரையை மாட்டினேன். அதில் ஒரு படம் என் மகளுடையது. நீல கவுன், முன்பல் இரண்டு இல்லை. ஆறு வயதில், அண்ணன் வீட்டுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்துபோனாள். பதினொரு வருடம் ஆகிறது. அன்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது அண்ணன். "கண்ணு அசந்துடுச்சுடா" என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிறுதோறும் அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். பெருந்தன்மையானவன் என்று குடும்பத்தில் எனக்குப் பெயர்.

பாப்பாவின் படம் வந்ததும் அண்ணனின் கண்ணில் நீர் இறங்கியது. "ஆசையா பாக்கறார் தம்பி" என்றார் அண்ணி. ஆமாம் என்றேன். சற்று நேரத்தில் திரை தானாக இருண்டது. அண்ணனின் முகம் தளர்ந்தது, மூச்சு சீரானது, தூங்கிவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாள் சரிசெய்தேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. கணினி தொடங்கும்போது படிக்கிற கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். எத்தனை நேரம் கழித்து அணைய வேண்டும் என்ற இடத்தில் பூஜ்யம் போட வேண்டும். உடனே அணைந்துவிடும் என்று பலர் நினைப்பார்கள். அப்படி இல்லை, எப்போதுமே அணையாது. மற்ற முப்பத்தொன்பது படங்களையும் அழித்தேன். திரையின் ரிமோட்டில் கோளாறு என்று சொல்லி அதைக் கடைக்கு எடுத்துப் போனேன்.

வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மா கெட்டிக்காரர். இமையைச் சிமிட்டிப் பதில் சொல்ல அண்ணனுக்குப் பழக்கியிருந்தார். ஒரு தடவை என்றால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை.

"தம்பி, மூடாத வலது கண்ணை மூடிப் பட்டி ஒட்டினாலும் வெளிச்சம் உள்ள போகுது. மனுஷன் தூங்கவே இல்ல. அணைச்சுடட்டுமான்னு கேட்டேன். ஆமான்னு சிமிட்டினார்."

"அவருக்கு எல்லாத்துக்கும் ஆமாதான்."

"இல்லீங்க. தண்ணி வேணுமான்னு கேட்டா வேணாங்கறார்."

ஒரு புதன்கிழமை நர்ஸ் அம்மா என்னைக் கேட்காமலே ஒயரைப் பிடுங்கிவிட்டார். அண்ணன் பதினான்கு மணி நேரம் தூங்கினாராம். நான் போய் மறுபடி மாட்டி, கையால் கழற்ற முடியாதபடி எல்லாவற்றையும் ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்துத் திருகினேன். வெளிச்சம் இருந்தால்தான் மூளை விழித்துக்கொள்ளும் என்று பெரிய மருத்துவர் சொன்னதாக அண்ணியிடம் சொன்னேன். அப்படி ஒரு மருத்துவர் இல்லை. நர்ஸ் அம்மாவை நிறுத்தச் சொன்னதும் நான்தான். அண்ணிக்கு நோயாளியின் கண்ணைத் தொட பயம். அதனால் அந்த வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். தினமும் மாலையில் போய், கண் காயாமல் இருக்க மருந்து விட்டேன், ஒரு நாளும் தவறவில்லை. பட்டி மட்டும் ஒட்டவில்லை. இடது கண் சொருகும்போது தோளைத் தட்டி, "அண்ணே, பாப்பா பாக்கறா" என்பேன். பிறகு அண்ணியோடு காப்பி குடித்துவிட்டு வீட்டுக்கு வருவேன்.

திரை மாட்டிய நாற்பத்து மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார். நுரையீரலில் சளி என்று சான்றிதழில் எழுதினார்கள். துக்கம் கேட்க வந்த நர்ஸ் அம்மா, திரை இன்னும் எரிவதைப் பார்த்துவிட்டு நேரே உங்களிடம் வந்திருக்கிறார். அவர் சொன்னது எல்லாம் சரிதான். தூக்கம் இல்லாத உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று முன்பே படித்து வைத்திருந்தேன். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

குழந்தையை அன்று அவரிடம் விட்டுப் போனது யார் என்று நேற்றுக் கேட்டீர்கள். நான்தான். இரவு ஷிப்டு முடிந்து அப்போதுதான் அண்ணன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "ரெண்டு நாளா தூக்கமே இல்லடா, இன்னிக்கு வேணாமே" என்றார். "இதோ வந்துடறேன்ணே" என்று பாப்பாவின் கையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். கடைவீதியில் நண்பர்களோடு பேச்சு சுவாரசியமாக இருந்தது. திரும்பி வந்தபோது மதியம் மூன்று மணி.

அதை இதில் சேர்க்க வேண்டியதில்லை, ஐயா. அது விபத்து.