தேசிக்காயை எங்கே வைப்பது

காலையில் கேட்டுப் போன வேலை கிடைக்கவில்லை. லண்டன் மழைக்கு ஒதுங்கி லூயிஷாம் போகும் ரயிலில் ஏறினேன். எதிரே வயதான யாழ்ப்பாணத்துக் கணவனும் மனைவியும், மடியில் கடை விளம்பரப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார்கள்.

“இதைக் கோயிலுக்குக் கொண்டுபோனால் தேசிக்காயை எங்க வைக்கிறது?” என்றார் மனைவி. எலுமிச்சையைத்தான் சொன்னார்.

“என்ன தேசிக்காய்?”

“புது மிஷினைப் பூசை செய்யாமல் தொடக்கூடாது. காருக்கெண்டால் சில்லுக்குக் கீழ வைச்சு நசிச்சம். இதுக்குச் சில்லு எங்க?”

“இது பெற்றோலிலை புல்லு வெட்டுற தடியப்பா. தோளிலை கொழுவிக்கொண்டு வெட்டுறது.”

“ஆருடைய தோளிலை? உங்களுக்கு வயித்திலை ஒப்பரேசன் செய்து ரெண்டு மாசம் ஆகேல்லை. பாரம் தூக்கக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்.”

“சனிக்கிழமை கவுன்சில்காரர் பாக்க வருவினம். புல்லு இடுப்பளவு நிக்குது. ஆறு வருசம் காத்திருந்து அவையிட்டை வாடகைக்கு எடுத்த தோட்டத்தைப் பறிச்சுப்போடுவினம்.”

“பற்றரியிலை ஓடுறது பாரமில்லையெல்லோ?”

“அது பாதித் தோட்டத்திலை படுத்திடும்.”

மனைவி பக்கங்களை வேகமாகப் புரட்டினார். அவருடைய விரல் ஓரிடத்தில் நின்றது.

“இஞ்சை பாருங்கோ, இது என்ன?”

கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். “இதுவும் பெற்றோல்தான். தோளிலை கொழுவத் தேவையில்லை, தள்ளிக்கொண்டு போகலாம்.” அவர் குரல் பெட்டி முழுக்கக் கேட்டது. “ரெண்டு சில்லு இருக்கப்பா.”

“அப்ப இதுதான். நானே தள்ளுவன். நீங்கள் ரெண்டு தேசிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தால் காணும்.”