பாறைக் கரையில் ஒரு மொழிபெயர்ப்பு

வெளிநாட்டுக்காரர்களுக்கு முதலில் நுங்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் சார். வாய்க்கு வேலை இருக்கும். நாம் சொல்வதை அமைதியாகக் கேட்பார்கள்.

என் பெயர் ஞானதாசன். கொட்டாரத்தில் ஒரு உரக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு இலவசமாக வழிகாட்டுவேன். அதற்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. காசு வாங்கக் கூடாது. பதிலுக்கு விருந்தாளி இரண்டு வரி பாராட்டி எழுதுவார். என் பெயருக்குக் கீழே அப்படி நிறைய உண்டு. கடையில் நான் வாய் திறந்தால் முதலாளி எழுந்து போய்விடுவார். வீட்டில் மனைவி டிவி சத்தத்தைக் கூட்டுவாள். நான் சொல்வதைக் கேட்க விமானம் ஏறி வந்தவர்கள் இந்த விருந்தாளிகள் மட்டும்தான்.

கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன், இல்லையென்று சொல்லவில்லை. திற்பரப்பு அருவியில் பிரெஞ்சுக்காரர் நின்றால், உங்கள் நாட்டு இளவரசர் இங்கே குளித்திருக்கிறார் என்பேன். அடுத்த வாரம் ஜப்பான்காரர் வந்தால் இளவரசரும் ஜப்பானுக்குக் குடிபோய்விடுவார். யாருக்கு நஷ்டம்? அருவி அதே அருவிதானே.

போன ஞாயிறு வந்தவர் ஹால்வர். நார்வேயில் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சிசெலுக்கு வயிறு சரியில்லை, லாட்ஜிலேயே படுத்துவிட்டார். அருவிக்குப் போனதும் நார்வே இளவரசரைக் குளிக்க வைத்தேன். ஹால்வர் நுங்கைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்துத் தட்டினார். "எங்கள் இளவரசர் யாரும் இந்தப் பக்கம் வந்ததில்லை" என்றார். திட்டவில்லை சார். சிரித்தார். தப்பாகப் பதில் சொன்ன பையனைப் பார்த்து வாத்தியார்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

அதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் போனுக்குள் போய்த்தான் வந்தது. ரப்பர் மரத்தைக் காட்டி ரப்பர் மரம் என்றேன். அதையும் பார்த்தார்.

மதியம் சாப்பிடும்போது பொறுமையாக விளக்கினார். இரவு குழுவில் எழுதப் போகிறாராம்: நல்ல மனிதர், ஆனால் இவர் சொல்வது எதையும் நம்பாதீர்கள். அடுத்து வருகிறவர்களுக்கு உதவியாக இருக்குமாம். மறுநாளுக்கு ஜெனிலாவையும் பேசி வைத்துவிட்டார். அவள் குழுவில் புதியவள், நர்சிங் படித்த பெண். அவளே எனக்குப் போன் செய்தாள்.

"ஞானதாசண்ணே, நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். ஒங்களுக்க ராஜா கதையெல்லாம் அந்த சாருகிட்ட எடுபடாது, கேட்டியளா?"

"எடுபடாதுன்னு ஆரு சொன்னா?"

"அவருதான். எண்ணே, போன மாசம் அதே ராஜா பிரான்சுல இருந்துல்லா வந்தாரு?"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

ஹால்வரின் அந்த ஒரு வரி குழுவில் ஏறிவிட்டால் இனி ஒருத்தரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். உங்கள் காக்கிச் சட்டை பேசினால் ஊரே கேட்கும்.

சாயங்காலம் ஹால்வர் கூட்டமில்லாத கடல் வேண்டும் என்றார். மேற்கே ஒரு பாறைக் கரைக்குக் கூட்டிப் போனேன். மேலே பார்த்தால் குளம் மாதிரி கிடக்கும். அடியில்தான் இழுவை. கடற்கரைக்காரர்கள் பாறையில் சிவப்புப் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறார்கள். உப்புக்காற்று பாதி எழுத்தைத் தின்றுவிட்டது. ஹால்வர் போனை நீட்டினார். போனுக்கு வாசிக்கத் தெரியவில்லை. காலையிலிருந்து முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கிறது?"

"குளிக்கும் இடம், சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

எழுதியிருந்தது வேறு. இங்கே இறங்காதே, ஆளை இழுக்கும். பாதி எழுத்து போயிருந்தாலும் எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அவர் நம்பினார். கீழே கிடந்த பிளாஸ்டிக் பாட்டிலைப் பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சட்டையைக் கழற்றினார்.

தூரத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஏசுஅடிமை கத்தினார். "ஏலே, அந்தாள எறங்க விடாதல! தண்ணி இழுத்துரும்ல!"

என்ன சொல்கிறார் என்று ஹால்வர் கேட்டார். மீன் சாப்பிடக் கூப்பிடுகிறார் என்றேன். சந்தோஷமாக அவருக்குக் கையசைத்துவிட்டு இறங்கினார். ஏசுஅடிமை ஓடி வந்து சேர்வதற்குள் தண்ணீர் பழையபடி அமைதியாகிவிட்டது.

தள்ளினாயா என்று கேட்கிறீர்கள். விரல்கூடப் படவில்லை. இரண்டு வாக்கியம் மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான். ரப்பர் மரத்தைச் சந்தேகப்பட்ட மனிதர் இதையும் சந்தேகப்பட்டிருக்கலாம். படமாட்டார் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அது வேறு விஷயம். ஆமாம், சாகட்டும் என்றுதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் சிசெல் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார். உங்கள் பெயரைத்தான் சொன்னார் என்றேன். நாளைக்கு உங்களையும் இங்கே அழைத்து வர வேண்டும் என்றார், இவ்வளவு அழகான கடலைப் பார்த்ததே இல்லை என்றார் என்றேன். அந்த அம்மாள் அழுதபடியே, இன்னும் சொல்லுங்கள் என்றார். பக்கத்தில் நின்ற ஜெனிலாவே அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். இன்னும் சொல்லுங்கள் என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை சார்.

நாளைக்கு அந்த அம்மாள் கணவரின் உடலோடு திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறாராம். கையெழுத்து எங்கே வேண்டுமோ போட்டுவிடுகிறேன். காலையில் மட்டும் என்னை விடுங்கள். கூடப் போய் ஏற்றிவிட்டு வந்துவிடுகிறேன். போகிற வழியில்தான் பத்மநாபபுரம் அரண்மனை. அந்த அம்மாள் இன்னும் பார்க்கவில்லை.