கடைசி வீட்டுப் பிளக் பாயிண்ட்

உங்கள் காரைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்தியிருக்கிறீர்கள், மேடம். இந்தக் குளிரில் அப்படி நிறுத்தக் கூடாது. பேட்டரி சில்லிட்டுப் போனால் கிளம்பும்போது தன்னைச் சூடாக்கிக்கொள்ளவே கொஞ்சம் சார்ஜைத் தின்றுவிடும். கொட்டகைக்குப் பக்கவாட்டில் நிறுத்தியிருந்தால் மறைவாக இருந்திருக்கும். பரவாயில்லை, உட்காருங்கள். காப்பி இப்போதுதான் இறக்கினேன்.

நீங்கள் கேட்க வந்தது சின்னக் கேள்விதான். கீழே கடைக்குப் பக்கத்தில் இருக்கும் வேக சார்ஜிங் நிலையம் வெள்ளிக்கிழமை நன்றாகவே வேலை செய்தது என்கிறார்கள். அப்படியிருக்க, அங்கே இருக்கும் இரண்டு சார்ஜிங் கம்பங்களும் உறைந்து கிடக்கின்றன என்று நான் ஏன் குழுவில் எழுதினேன்? ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வார்த்தையில் சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இந்தப் பள்ளத்தாக்கில் மின்கார் வைத்திருப்பவர்களுக்காக முகநூலில் அந்தக் குழுவைத் தொடங்கியதே நான்தான். கோடைக்காலத்தில் அங்கே ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். பனி விழ ஆரம்பித்ததும் எல்லோருக்கும் என் ஞாபகம் வந்துவிடும்.

"அஸ்லாக் அண்ணே, அறுவது பர்சென்ட் இருக்கு. எதிர்க்காத்து. மலையத் தாண்டிருவேனா?"

"அண்ணே, என் வண்டி கரண்ட அப்பிடிக் குடிக்குது. இது காரா, இல்ல வீட்டு ஹீட்டருக்குச் சக்கரம் மாட்டி வித்துட்டானா?"

"நீ கோடையில போற மாதிரி பனியன் போட்டுட்டுப் போனா அது என்னய்யா பண்ணும்? கோட்ட மாட்டு, ஹீட்டர அணை!"

கடைசியில் சொன்னது ஸ்வெர்ரே. மலைமேல் பனித்தள்ளு வண்டி ஓட்டுகிறவன். அவனிடம் மின்கார் கிடையாது, எங்களைச் சீண்டுவதற்கென்றே குழுவில் இருக்கிறான். "என் டீசல் வண்டி பனியையும் தள்ளும், உங்களையும் தள்ளும்" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது எழுதாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

எல்லோருக்கும் நான் கணக்குப் போட்டுச் சொல்வேன். எந்த வண்டி, எத்தனை சார்ஜ், காற்று எந்தப் பக்கம், ஹீட்டர் ஓடுகிறதா இல்லையா. இவற்றைச் சொன்னால் வண்டி எந்த வளைவுவரை போகும் என்று சொல்லிவிடுவேன். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. 'நம்பினார் கெடுவதில்லை' என்று என்னைக் கேலியாகவும் சொல்வார்கள், நிஜமாகவும் சொல்வார்கள்.

தப்பியதில்லை என்றேன் அல்லவா? போன குளிர்காலத்தில் ஒருமுறை தப்பியது. ஊட்வார் என்று ஒரு பள்ளி ஆசிரியர். மலைமேல் காற்று திரும்பியதை நான் கவனிக்கவில்லை. இந்த வீட்டுக்குக் கீழே இருக்கும் பாலத்தில் அவர் வண்டி நின்றுவிட்டது. என் பழைய டீசல் வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் அவர் உட்கார்ந்தார். பயந்துபோன மனிதர் சூப் குடிப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். குழந்தை மாதிரி, மிச்சம் வைக்காமல் குடிப்பார். கண்ணில் நீர் கட்டும். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு பெரியவரே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று பக்கத்து அறையில் இன்னொரு உயிர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. ரன்வெய்க் போன பிறகு நான் விடியும்வரை தூங்கியது அன்றுதான்.

ரன்வெய்க் என் மனைவி. தன் அக்காவோடு பெர்கன் நகரத்தில் இருக்கிறாள். "மழை கொட்டுற ஊர்ல இருந்துருவேன், இந்த ஊமை ஊர்ல இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். சண்டையெல்லாம் இல்லை. அவள் சொன்னதும் நியாயம்தான். நவம்பரில் மலைமுகட்டுக்குப் பின்னால் போகும் சூரியன் பிப்ரவரியில்தான் இந்த ஜன்னலை எட்டிப் பார்க்கும். இதற்கு மேலே வீடு கிடையாது. புயல் வந்தால் மூடும் சாலைத் தடுப்பு, அதற்கப்புறம் மலைக்கு அந்தப் பக்கம்வரை வெறும் பனிமேடு. எனக்குப் பயம், மேடம். அறுபத்தாறு வயது ஆள் இதைச் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். மதியம் இரண்டரைக்கே இருட்டிவிடும். அப்புறம் இந்த வீடு என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சில நாள் சமையலறையைவிட்டு எழுந்து படுக்கையறைக்குப் போகவே பயந்து, இங்கேயே உட்கார்ந்து குழுவில் யாராவது ஏதாவது கேட்கமாட்டார்களா என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஊட்வாருக்கு நடந்தது தப்பு. அடுத்தவருக்கு நடந்தது தப்பில்லை. கணக்குப் போட்டேன். பாலத்துக்கும் என் கேட்டுக்கும் நடுவில் நிற்கும் என்று வந்தது. "தாராளமாகப் போதும், கிளம்புங்கள்" என்று எழுதினேன். நான் சொன்ன இடத்திலேயே நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இழுத்துவந்தேன், சூப் கொடுத்தேன், படுக்க இடம் கொடுத்தேன். அதற்கப்புறம் வந்தவர்களுக்கும் அப்படித்தான். காலையில் கட்டிப்பிடித்து விடைபெற்றார்கள். அப்புறம் கிறிஸ்துமஸ் வாழ்த்தெல்லாம் வந்தது. அந்த அலமாரிமேல் பாருங்கள், எல்லாம் அவர்கள் அனுப்பியவைதான். எத்தனை பேர் என்று எண்ணிவைத்துக்கொள்ளவில்லை. எண்ணினால் அது வேறு மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

என் வீட்டில் சுவரில் மாட்டும் நல்ல சார்ஜர் ஒன்று இருந்தது. அதைக் கழற்றிவிட்டேன். இப்போது வாசலில் இருப்பது சாதா பிளக் பாயிண்ட். அதில் போட்டால் மலையைத் தாண்டும் அளவு ஏற ராத்திரி முழுக்க ஆகும். வேகமாக ஏற்றிக்கொண்டால் வேகமாகப் போய்விடுவார்கள் இல்லையா?

அதனால்தான் சார்ஜிங் நிலையத்தைப் பற்றியும் எழுத வேண்டியிருந்தது. அங்கே நின்று ஏற்றிக்கொண்டுவிட்டால் யாரும் என் கேட்டருகில் நிற்கமாட்டார்கள். "கேபிள் உறைந்திருக்கிறது", "ஒரு கம்பம் செத்துவிட்டது, இன்னொன்றில் நீள வரிசை" என்று காற்றைப் பார்த்து எழுதுவேன். எவரும் போய்ச் சரிபார்த்ததில்லை. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது இந்தப் பள்ளத்தாக்கின் பழக்கம். நீங்கள் வெளியூர் என்பதால்தான் போய்க் கேட்டிருக்கிறீர்கள்.

மாரென் விஷயத்துக்கு வருகிறேன்.

மாரென் கீழே பாலர் பள்ளியில் வேலை பார்த்தவள். இலையுதிர் காலத்தில் ஒரு சின்னப் பழைய மின்கார் வாங்கினாள். குழுவில் அவளைப்போல நன்றாகக் கேட்டுக்கொண்ட மாணவி யாரும் இல்லை. டயரில் எவ்வளவு காற்று, லாரிக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி, இறக்கத்தில் எப்படிக் காலை எடுப்பது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு நன்றி வரும்.

வெள்ளிக்கிழமை மதியம் எழுதினாள். "அஸ்லாக் மாமா, அம்மாவுக்குப் பொறந்தநாள். மலைக்கு அந்தப் பக்கம் போகணும். கேக்கு பின்சீட்ல இருக்கு, என்னவிட அதுதான் பத்திரமா பெல்ட்டு போட்டு உக்காந்திருக்கு. கடையில நின்னு சார்ஜ் போட்டுக்கவா?"

இரண்டு கம்பங்களும் உறைந்து கிடக்கின்றன, இருப்பதே போதும், பனிப்புயலுக்கு முன்னால் சட்டென்று கிளம்பு என்று எழுதினேன். கணக்கு சுத்தமாக இருந்தது. அந்த வண்டி, அந்தச் சார்ஜ், அந்தக் காற்று, ஹீட்டர் ஓடினால் என் கேட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். ஆட்டு எலும்பு சூப் அடுப்பில் ஏற்றினேன். மேஜையில் இரண்டு தட்டு வைத்தேன். வெளிவிளக்கைப் போட்டுவிட்டு ஜன்னலருகில் நின்றேன்.

கார் வந்தது. நிற்கவில்லை.

மெதுவாக, சத்தமே இல்லாமல் என் கேட்டைத் தாண்டியது. உள்ளே விளக்கு எரிந்ததால் அவளைப் பார்த்தேன். கழுத்துவரை கோட்டு, தலையில் குல்லா, கையில் கம்பளி உறை. கண்ணாடி ஓரமெல்லாம் அவள் மூச்சு உறைந்திருந்தது. ஹீட்டரை அணைத்துவிட்டு ஓட்டியிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்தது. நான் சொல்லிக்கொடுத்த அத்தனையையும் அந்தப் பெண் ஒன்றுவிடாமல் செய்து, என் கணக்கைத் தாண்டிப் போய்விட்டாள். நன்றி சொல்கிற மாதிரி இரண்டு முறை ஹார்ன் அடித்தாள். நானும் கையை ஆட்டினேன்.

சாலைத் தடுப்பு அப்போது திறந்துதான் இருந்தது. அவள் போன கொஞ்ச நேரத்தில் புயல் இறங்கியது, தடுப்பை மூடினார்கள். மிச்சமிருக்கும் சார்ஜில் அவளால் பனிமேட்டின் பாதியைக்கூடத் தாண்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். பயந்துபோனேன், மேடம். அப்படி ஒரு பயம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. கரண்டியைக் கீழே போட்டேன். அவள் குழுவில் உதவி கேட்பாள், உடனே ஓடலாம் என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே சிக்னல் கிடையாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்வெர்ரே போனில் அழைத்தான். இது உங்களுக்குப் புதிதாக இருக்கும், அவன் இதைச் சொல்லியிருக்கமாட்டான். அவனுக்கு இது ஒரு விஷயமாகவே பட்டிருக்காது. புயல் வந்தால் கடைசி வீட்டுக்காரனைக் கேட்டுவிட்டுத்தான் தள்ளுவண்டியைத் திருப்புவது என்று இங்கே ஒரு வழக்கம்.

"யோவ் அஸ்லாக், உன் பிளக்குப் பசங்க எவனாச்சும் மேல மாட்டிருக்கானா? இருந்தா சொல்லு, இப்பவே ஒரு சுத்து போயிட்டு வந்துடறேன்."

"யாரும் இல்லப்பா."

"நெசமாத்தானே? அப்ப நான் கீழ எறங்குறேன். உன் வீட்ல வெளக்கு எரியுதுன்னா காப்பிக்கு வரேன்."

"தல வலிக்குது. படுக்கப் போறேன்."

"கெழவா, நீயும் சார்ஜ் எறங்கிட்டியா? சரி, தூங்கு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். ஸ்வெர்ரே போயிருந்தால் கண்டுபிடித்திருப்பான். கண்டுபிடித்து, மலைக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா வீட்டிலேயே இறக்கிவிட்டிருப்பான். மேஜையில் இரண்டு தட்டு இருந்தது. நானே என் வண்டியில் போய் அழைத்துவருவதுதான் முறை என்று எனக்குப் பட்டது. ஸ்வெர்ரே போனதும் கிளம்பலாம் என்று இருந்தேன். அவன் நம்ப வேண்டுமே என்று வெளிவிளக்கை அணைத்தேன்.

அவன் போன பிறகு வாசல்வரை போனேன். காற்று கதவை என் கையிலிருந்து பிடுங்கியது. அதற்குள் புயல் வலுத்து, எதிரே கொட்டகைகூடத் தெரியாமல் போயிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். விளக்கை மறுபடி போடத் தோன்றவில்லை.

அவளைக் கண்டுபிடித்த உங்கள் போலீஸ் ஆட்கள் ஒன்றைச் சொன்னார்கள். அவள் காரில் இல்லை. காரைவிட்டு இறங்கி என் வீட்டை நோக்கி நடந்திருக்கிறாள். பாறை மறைவில் தடம் அழியாமல் இருந்ததாம். கொஞ்ச தூரம் நூல் பிடித்த மாதிரி நேராக வந்திருக்கிறாள், அப்புறம் ஓரிடத்தில் நின்று, சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறாள். ஏன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நேராக வந்தது விளக்கைப் பார்த்து. சுற்றியது விளக்கு போன பிறகு. தடுப்புக்குப் பக்கத்திலேயே கிடந்தாள். இந்த ஜன்னலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

நான் அழுதேன். நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அழுதேன். அவள் அம்மாவுக்குப் போன் செய்து ஆறுதல் சொன்னதும் நான்தான். அந்த அம்மா எனக்கு நன்றி சொன்னார். ஆனால் ஒன்றை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பெண் மற்றவர்களைப்போல ஹீட்டரைப் போட்டுக்கொண்டு சுகமாக வந்திருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பாள். என் வீட்டில் குளிரால் செத்தவர் யாரும் இல்லை.

காப்பி ஆறிவிட்டது. எழுந்துவிட்டீர்களே? அங்கே போன் எடுக்காது, இங்கே என் பக்கம் இந்தச் சுவர் ஓரம் மட்டும்தான் சிக்னல், அதுவும் புயல் நாளில் வரும், போகும். நீங்கள் வரும்போது உங்கள் வண்டிக் கண்ணாடி வழியாக உள்ளே மீட்டரைப் பார்த்தேன். இருபத்திரண்டு சதவீதம். இப்போது இன்னும் இறங்கியிருக்கும். கீழே போகும் சாலையில் எதிர்க்காற்று, பனி முழங்கால் அளவுக்கு ஏறியிருக்கும். அது போதாது, மேடம். இந்தமுறை உண்மையைச் சொல்கிறேன். வாசலில் பிளக் பாயிண்ட் இருக்கிறது, காலையில் போகலாம். சூப் இருக்கிறது.

நம்பிக்கை இல்லை என்றால் கிளம்புங்கள், நான் தடுக்கமாட்டேன். விளக்கைப் போட்டே வைத்திருப்பேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து ஹீட்டரை அணைக்காமல் ஓட்டுங்கள். அப்போதுதான் எந்த இடத்தில் நிற்பீர்கள் என்று என்னால் கணக்குப் போட முடியும்.